டெஸ்லா காயில்: சுற்றுவதும் சுருதி சேர்ப்பதும்

கோவையில் மோட்டார் வைண்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். பம்புசெட் மோட்டார் சுற்றிப் பழகிய கைக்கு டெஸ்லா காயில் சுற்றுவது எளிது. மின்னழுத்தத்தைப் பல மடங்கு ஏற்றி, காற்றில் நீளமான பொறி பாயவைக்கும் கருவி இது. மின்சாரம் நுழையும் சில சுற்றுச் சுருள் பிரைமரி, அதன் நடுவே நிற்கும் பல சுற்று உயரச் சுருள் செகண்டரி. ஆனால் சுற்றி முடித்தால் பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறோம். இரண்டு அடிக்குப் பொறி பாய வேண்டிய காயிலில் இரண்டு அங்குலம்தான் வருகிறது என்றால், பலரும் பெரிய டிரான்ஸ்பார்மர் தேடிக் கிளம்பிவிடுகிறார்கள். தேட வேண்டியது பிரைமரியில் எத்தனையாவது சுற்றில் இணைப்புக் கிளிப்பை மாட்டுவது என்ற சரியான இடத்தைத்தான்.

முதலில் உயிர் பத்திரம். இங்கே சொல்லும் நியான் விளம்பரப் பலகை டிரான்ஸ்பார்மர் 9,000 வோல்ட், 30 மில்லி ஆம்பியர் தருவது. ஆளைக் கொல்ல அது தாராளமாகப் போதும். மைக்ரோவேவ் அடுப்பின் டிரான்ஸ்பார்மர் இதைவிடக் கொடியது, அதன் பக்கமே போகாதீர்கள். உயர் மின்னழுத்த வேலையில் பழக்கம் இல்லாதவர்கள், பழகியவர் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் இதைத் தொடங்க வேண்டாம். பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் அந்த அறைக்குள்ளேயே வரக்கூடாது.

செகண்டரிக்கு 110 மி.மீ. பி.வி.சி. குழாய், 26 எண் இனாமல் கம்பி. 50 செ.மீ. நீளத்துக்கு ஒட்டி ஒட்டிச் சுற்றினால் சுமார் 1,000 சுற்று வரும். கம்பி அரைக் கிலோவுக்குச் சற்று மேல் பிடிக்கும், முக்கால் கிலோவாக வாங்கிக்கொள்ளுங்கள். குழாயை வெயிலில் நன்றாகக் காயவைத்து, ஒரு கோட் வார்னிஷ் அடித்துவிட்டுச் சுற்றத் தொடங்க வேண்டும். சுற்றும்போது இடது கைக் கட்டைவிரல் நுனி கம்பி மேலேயே இருக்கட்டும். ஒரு சுற்று இன்னொன்றின் மேல் ஏறினால் கண்ணுக்குத் தெரியும் முன்பே விரலுக்குத் தெரிந்துவிடும். ஏறிய சுற்றை அப்படியே விட்டால் பின்னால் அந்த இடத்தில்தான் பொறி உடைக்கும். முனைகளை டேப்பால் நிறுத்துங்கள். குழாயில் துளை போட்டுக் கம்பியை உள்ளே விட்டால் பொறி உள்பக்கமாகவே ஓடும். முடிந்ததும் இரண்டு மூன்று கோட் வார்னிஷ், ஒவ்வொன்றும் முழுதாகக் காய்ந்த பிறகே அடுத்தது.

செகண்டரியின் உச்சியில் நான்கு அங்குல அலுமினிய டக்ட் குழாயை 40 செ.மீ. அகல வளையமாக வளைத்து வைக்கலாம். அதோடு சேர்த்துக் கணக்கிட்டால் செகண்டரியின் ஒத்ததிர்வு, அதாவது அது இயல்பாக அதிரும் அதிர்வெண், 220 கிலோஹெர்ட்ஸ் அருகில் வரும்.

பிரைமரிக்கு ஏ.சி. மெக்கானிக்குகள் பயன்படுத்தும் கால் அங்குலச் செம்புக் குழாய் ஒரு 15 மீட்டர் சுருள் போதும். தட்டைச் சுருளாக, சுற்றுக்குச் சுற்று 6 மி.மீ. இடைவெளி விட்டு 13 சுற்று. உள்சுற்று செகண்டரியிலிருந்து மூன்று, நான்கு செ.மீ. தள்ளியே இருக்கட்டும். மின்தேக்கிக்கு 0.15 மைக்ரோஃபாரட், 2,000 வோல்ட் பாலிப்ரொப்பிலீன் வகையில் பத்தைத் தொடராக இணைத்தால் 15 நானோஃபாரட் கிடைக்கும். ஒவ்வொன்றின் குறுக்கேயும் 10 மெகா ஓம் மின்தடை கட்டாயம். அணைத்த பிறகும் மின்தேக்கியில் மின்னேற்றம் தங்கியிருக்கும், அதை வடிப்பதற்குத்தான் இது. மின்தடைகள் இருந்தாலும், பிளக்கைப் பிடுங்கி, காப்பிட்ட நீளக் கோலால் மின்தேக்கி முனைகளை ஷார்ட் செய்யாமல் எதிலும் கை வைக்காதீர்கள்.

பொறி இடைவெளியை, அதாவது பொறி தாவுவதற்காகச் சிறு இடைவெளி விட்டு வைக்கும் இரண்டு உலோக முனைகளை, டிரான்ஸ்பார்மருக்குக் குறுக்கே வையுங்கள். மின்தேக்கியும் பிரைமரியும் தொடராக அதற்கு இணையாக வரட்டும். இடைவெளியை அமைக்கும்போது டிரான்ஸ்பார்மரை மட்டும் இணைத்து, கொஞ்சம் கொஞ்சமாக அகட்டுங்கள். ஒவ்வொரு முறையும் மின்சாரத்தைத் துண்டித்த பிறகே கை வைக்க வேண்டும். பொறி நின்றுபோகும் இடத்துக்குச் சற்று முன்பே நிறுத்திவிடுங்கள். ஒரு சிறு விசிறி அதன் மேல் வீசட்டும்.

செகண்டரியின் அடிமுனைக்குத் தனி எர்த் வேண்டும். கரியும் உப்பும் போட்டு வெளியே ஒரு பைப் எர்த் இறக்குங்கள். வீட்டு மூன்று பின் பிளக்கின் எர்த்தில் இணைத்தால் டிவி, கணினி எல்லாம் பலியாகும்.

இனிச் சுருதி. தம்புராவுக்கும் பாடுகிறவருக்கும் சுருதி சேர வேண்டியதைப் போல, பிரைமரியும் செகண்டரியும் ஒரே அதிர்வெண்ணில் நிற்க வேண்டும். காகிதக் கணக்கை நம்பி நிற்காமல் அளந்து பாருங்கள். உச்சி வளையத்தை மாட்டி, பிரைமரியை எதனோடும் இணைக்காமல், செகண்டரியின் அடிமுனையில் சிக்னல் ஜெனரேட்டரைக் கொடுங்கள். ஆசிலாஸ்கோப் புரோபை ஒரு மீட்டர் தள்ளித் தொங்கவிடுங்கள். அதிர்வெண்ணை மெல்ல ஏற்றிக்கொண்டே போனால் ஓரிடத்தில் அலை சட்டென்று உயரும். அதுதான் உங்கள் காயிலின் எண். 220 கிலோஹெர்ட்ஸ் என்றால், 15 நானோஃபாரட் மின்தேக்கிக்குப் பிரைமரியில் 35 மைக்ரோ ஹென்றி தூண்டம் (இண்டக்டன்ஸ்) வேண்டும். மேலே சொன்ன சுருளில் அது ஏறத்தாழ பத்தாவது சுற்று.

கிளிப்பை அங்கே மாட்டி, உச்சி வளையத்தில் கூரான கம்பித் துண்டு ஒன்றை ஒட்டி, மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர்ஸ்டாட்டில் பொறி தொடங்கும் அளவுக்கு மட்டும் மின்னழுத்தம் கொடுங்கள். பொறியின் நீளத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, கோலால் ஷார்ட் செய்து, கிளிப்பைக் கால் சுற்று நகர்த்துங்கள். பின்னர் அதே மின்னழுத்தத்தில் மறுபடியும் பாருங்கள். பொறுமையாகச் செய்தால் ஓரிடத்தில் பொறி பளிச்சென்று நீளும்.

குறைந்த மின்னழுத்தத்தில் சிறப்பாக இருந்த இடம் முழு மின்னழுத்தத்திலும் அப்படியே இருக்காது. பொறி நீள நீள, அதுவே உச்சி வளையத்தோடு சேர்ந்து கொண்மத்தை (மின்னேற்றம் தாங்கும் அளவை) கூட்டுகிறது. செகண்டரியின் அதிர்வெண் இறங்கிவிடுகிறது. அதை எட்டிப் பிடிக்க, பிரைமரியில் கால் முதல் அரைச் சுற்று வரை கூட்டிப் பாருங்கள். பெரும்பாலான காயில்களில் கடைசி அரை அடி இந்த ஒரு மாற்றத்தில்தான் கிடைக்கும்.

செகண்டரியின் உடலிலேயே பொறி ஏறி ஓடினால் பிரைமரிக்கும் செகண்டரிக்கும் இடையிலான காந்த இணைப்பு மிகுந்துவிட்டது என்று பொருள். உடனே அணைத்துவிட்டு, செகண்டரியை ஒரு செ.மீ. உயர்த்திப் பாருங்கள். தொடர்ந்து ஓடவிட்டால் வார்னிஷ் கருகிக் கரித்தடம் விழும். அதன் பிறகு எத்தனை கோட் அடித்தாலும் பயனில்லை, கம்பியை உரித்து மறுபடி சுற்ற வேண்டியதுதான். உச்சியிலிருந்து பொறி பிரைமரி மேல் இறங்கினால், சுருளுக்கு மேலே எர்த் செய்த ஒரு செம்பு வளையம் வையுங்கள். அதன் இரு முனைகளும் ஒன்றையொன்று தொடக்கூடாது. தொட்டால் அது ஷார்ட் ஆன சுற்றாகி, சேர்த்த சுருதி முழுவதையும் கலைத்துவிடும்.