விட்டு விட்டு ஓடும் வாக்யூம் கிளீனரைச் சரிசெய்வது

எங்கள் வீட்டு கார்ட்லெஸ் வாக்யூம் கிளீனர் போன மாதம் விட்டு விட்டு ஓடியது. பேட்டரி போய்விட்டது என்றே நினைத்தேன். அடைத்திருந்தது ஃபில்டர்.

மோட்டார் காற்றை வெளியே தள்ளும்போது உள்ளே அழுத்தம் குறையும். அந்த இடத்தை நிரப்ப வெளிக்காற்று தூசியோடு பாயும். நிமிடத்துக்கு 1,00,000 சுற்றைத் தாண்டும் மோட்டார்கள்கூட உண்டு. மெஷினுக்குள் சைக்ளோன் எனப்படும் கூம்பில் காற்று சுழல, தூசி சுவரில் ஒதுங்கி டப்பாவில் விழும். தப்பிய நுண்தூசியை ஃபில்டர் பிடிக்கும். பெரும்பாலும் மோட்டாரைக் குளிர்விப்பதும் இதே காற்றுதான். ஃபில்டர் அடைத்தால் மோட்டார் சூடேறாமல் இருக்க மெஷின் தானே நின்றுவிடும்.

முதலில் பேட்டரியைக் கழற்றுங்கள். கழுவக்கூடிய ஃபில்டர்தானா என்று கையேட்டில் பாருங்கள். சரி என்றால் குளிர்ந்த தண்ணீரில் மட்டும் அலசுங்கள், சோப்பு வேண்டாம். தண்ணீர் தெளிவாக வரும்வரை அலச வேண்டும். எனக்கு ஏழெட்டு முறை ஆனது. பிறகு குறைந்தது 24 மணி நேரம் காயட்டும். மழைக்காலத்தில் நான் இரண்டு நாள் விடுவேன். ஈர ஃபில்டரைப் போட்டால் மோட்டாரே கெடலாம், தயவுசெய்து அவசரப்படாதீர்கள்.

அப்புறம் பிரஷில் சுற்றிய முடியைக் கத்தரியால் வெட்டி எடுங்கள். குழாயை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். எங்கள் குழாயில் ஒரு பேனா மூடி இருந்தது.