கட்டுரை நோட்டைத் திருத்தும்போது

ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கட்டுரை எழுதச் சொல்லித்தரும் ஆசிரியர்களுக்கு ஒரு யோசனை. ஒரு கட்டுரையில் ஒரே ஒரு விதியை மட்டும் திருத்துங்கள். அதையும் இரண்டாவது வாசிப்பில் செய்யுங்கள்.

முதல் வாசிப்பில் சிவப்புப் பேனா வேண்டாம். பிள்ளை என்ன சொல்ல வருகிறது என்று மட்டும் பாருங்கள். ‘மழை வந்ததும் எங்க வீட்டுத் தகரம் பேச ஆரம்பித்தது’ என்று எழுதியிருந்தால், ஓரத்தில் பென்சிலால் ‘அருமை! என்ன பேசியது?’ என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்விக்கே இன்னும் நான்கு வரி வரும். ‘எங்க’வை ‘எங்கள்’ ஆக்க அப்புறம் நேரம் இருக்கிறது.

இந்த வாரம் ஒருமை பன்மை என்றால் அது மட்டும்தான். ‘மாடுகள் மேய்ந்தது’ என்பதை அடிக்காமல் கீழே கோடு போடுங்கள். ‘மேய்ந்தன’ என்று பிள்ளையே மாற்றட்டும். ‘கதையைப் படித்தேன்’ என்பதில் வரும் ‘ப்’ அடுத்த வாரத்துக்கு. எல்லாச் சந்திப்பிழைகளையும் ஒரே நாளில் வட்டமிட்டால், பிழை வராத சொற்களை மட்டும் வைத்து எழுதப் பழகிவிடுவார்கள். பிறகு எல்லா நோட்டிலும் ஒரே கட்டுரைதான் இருக்கும்.

கதையில் யாராவது பேசும் இடத்தில் மட்டும் தாராளமாக விட்டுவிடுங்கள். மேற்கோள் குறிக்குள் பாட்டி ‘சாப்டியாப்பா?’ என்றுதான் கேட்பார். அதை ‘உணவு உண்டாயா?’ என்று மாற்றாதீர்கள். எழுத்து நடையைக் கதை சொல்லும் வரிகளில் எதிர்பார்த்தால் போதும்.