ஸ்டெல்லாரிஸ்ல உளவு வேலை: புதுசா ஆடுறவங்க முதல்ல இருந்து எப்படி பண்றது

ஸ்டெல்லாரிஸ்ங்கிற விண்வெளி ஸ்ட்ராட்டஜி கேம் ஆடுற நிறைய பேர் ஸ்பை பக்கமே போறதில்ல, ஒரு தடவ ட்ரை பண்ணி ஒண்ணும் நடக்கலன்னு விட்டுடுறாங்க. நானும் அப்படித்தான் இருந்தேன், பக்கத்து நாட்டுக்காரன்கிட்ட கப்பல் கொஞ்சமாத்தான் இருக்கும்னு நானா நினைச்சுக்கிட்டு போர் அறிவிச்சேன், மூணு ஃப்ளீட்டோட வந்து பாதி நாட்டைப் பிடிச்சுட்டான். அவனோட மிலிட்டரி பலம் எனக்குத் தெரியவே தெரியாது, இண்டெல் (அந்த நாட்டைப் பத்தி நமக்குத் தெரிஞ்ச தகவலோட அளவு) அவ்ளோ கம்மி. அப்புறம்தான் உக்காந்து ஒழுங்கா கத்துக்கிட்டேன்.

முதல் வேலை, ஒரு என்வாயை (நம்ம தூதரை) ஒதுக்குறது. காண்டாக்ட்ஸ்ல போய் அந்த நாட்டை க்ளிக் பண்ணி, எஸ்பியனாஜ் டேப்ல ஸ்பை நெட்வொர்க் கட்ட ஆள் அனுப்புங்க. ஆரம்பத்துல என்வாய் ரொம்ப கம்மி, உறவை வளர்க்க, ஃபெடரேஷனுக்கு (நாடுகளோட கூட்டணி), புது ஏலியனைக் கண்டுபிடிச்சா ஃபர்ஸ்ட் காண்டாக்டுக்குன்னு எல்லாத்துக்கும் அதே ஆளுங்கதான் போகணும். அதனால நாலு நாட்டுல ஆள் வைக்காம, அடுத்து யாரோட சண்டை வரும்னு தோணுதோ அந்த ஒரு நாட்டுல மட்டும் வைங்க.

அடுத்தது காத்திருக்கிறது, பெரும்பாலானவங்க இங்கதான் சொதப்புறாங்க. இன்ஃபில்ட்ரேஷன் (நம்ம ஸ்பை நெட்வொர்க் அந்த நாட்டுக்குள்ள எவ்ளோ ஊடுருவியிருக்குங்கற அளவு) மாசா மாசம் மெதுவாத்தான் ஏறும், நடுவுல அவசரத்துக்கு அந்த என்வாயைக் கூப்பிட்டுக்கிட்டா ஏறுனது திரும்ப இறங்க ஆரம்பிச்சுடும். எவ்ளோ உயரம் போகலாம்ங்கறது உங்க கோட்பிரேக்கிங்குக்கும் (ரகசியத்தை உடைக்கிற திறன்) அவங்க என்க்ரிப்ஷனுக்கும் (ரகசியத்தைக் காக்கிற திறன்) உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது, நம்மது கம்மியா இருந்தா எத்தனை வருஷம் உக்காந்தாலும் ஒரு இடத்துல நின்னுடும். அதனால கோட்பிரேக்கிங் கூட்டுற டெக் (ஆராய்ச்சி பண்ணி எடுக்கிற டெக்னாலஜி) வந்தா தள்ளிப் போடாதீங்க, உளவுதான் உங்க ஸ்டைல்னா சப்டர்ஃப்யூஜ் ட்ரடிஷனையும் (உளவுக்கு உதவுற போனஸ் தொகுப்பு) சீக்கிரமே எடுத்துடுங்க.

மூணாவது வேலை ஆபரேஷன், அதாவது ஸ்பை நெட்வொர்க்கை வச்சு அந்த நாட்டுல பண்ற ரகசிய வேலை. 2021 ஏப்ரல்ல வந்த நெமிசிஸ் டிஎல்சி (கேமோட தனியா வாங்குற கூடுதல் பகுதி) இருந்தாத்தான் முக்காவாசி ஆபரேஷன் திறக்கும். ஒண்ணு மனசுல வச்சுக்கோங்க, ஆபரேஷன் முடிஞ்சா சேர்த்து வச்ச இன்ஃபில்ட்ரேஷன்ல ஒரு பங்கு செலவாகிடும், அதனால சின்னச் சின்னதா செலவழிச்சா பெருசு எதுக்கும் பத்தாது. முதல் தடவைக்கு கேதர் இன்ஃபர்மேஷன் (தகவல் சேகரிக்கிறது) போதும், கைக்குப் பழகும். அதுக்கப்புறம் அக்வயர் அசெட், உள்ள ஒரு ஆள் கிடைச்சுட்டா அந்த ஆளுக்கு ஏத்த ஆபரேஷன்ல சேர்த்துவிட்டு ஜெயிக்கிற வாய்ப்பைக் கூட்டலாம்.

எனக்குப் பிடிச்சது சபோட்டாஜ் ஸ்டார்பேஸ், அதாவது அவங்க விண்வெளி நிலையத்தைச் சேதப்படுத்துற ஆபரேஷன். எல்லைல ஒரே வழிதான், அந்த வழியில பீரங்கி நிறைஞ்ச ஸ்டார்பேஸ் உக்காந்திருக்குன்னு வைங்க, போருக்கு முன்னாடி அதுல ஒரு மாட்யூலோ கட்டடமோ போனாலே நமக்கு நல்ல உதவி. ஸ்டீல் டெக்னாலஜி (டெக்னாலஜியைத் திருடுற ஆபரேஷன்) நம்மள விட டெக்ல முன்னாடி இருக்கிறவங்ககிட்ட பண்ணா மட்டும்தான் பிரயோஜனம்.

போர் பட்டனை அழுத்துறதுக்கு முன்னாடி கடைசியா ஒரு தடவ மிலிட்டரி இண்டெல் எவ்ளோ இருக்குன்னு பாருங்க, ஃப்ளீட் பவர் தெரியலன்னா இன்னும் ரெண்டு வருஷம் பொறுங்க. அந்த நேரத்துல நம்ம பக்கத்து என்க்ரிப்ஷனையும் ஏத்தி வைங்க, அவனும் நம்ம நாட்டுல ஆள் வச்சிருப்பான்.