திருவனந்தபுரம் – துபாய்: விமான தூரமும் நேரமும் நாமே கணக்குப் போடலாம்

தம்பி முதல் தடவை துபாய் போனபோது டிக்கெட்டில் காலை 4.30 புறப்பாடு, 7.15 வருகை என்று இருந்தது. ஏழேகாலிலிருந்தே அம்மா போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கையில் இருந்த சாயா ஆறி ஏடு படிந்துவிட்டது. விமானம் இறங்கியதோ நம் நேரப்படி 8.45க்கு. அந்த ஒன்றரை மணி நேரத் தவிப்பு எந்த வீட்டிலும் வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நம் குமரி மாவட்டத்தில் விமான நிலையம் இல்லை. வளைகுடா என்றால் பெரும்பாலும் திருவனந்தபுரம்தான். அதையே எடுத்துக்கொள்வோம்.

படி 1: தூரம்

இரண்டு ஊர்களின் அட்சரேகை, தீர்க்கரேகை வேண்டும். கூகுள் மேப்பில் விமான நிலையத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் இரண்டு எண்கள் வரும்.

திருவனந்தபுரம்: 8.5 வடக்கு, 76.9 கிழக்கு
துபாய்: 25.3 வடக்கு, 55.4 கிழக்கு

வடக்கு–தெற்கு வித்தியாசம் 16.8 டிகிரி. ஒரு டிகிரிக்குச் சுமார் 111 கி.மீ. என்றால் 1,865 கி.மீ. கிழக்கு–மேற்கு வித்தியாசம் 21.5 டிகிரி. இங்கேதான் பலர் தவறுவார்கள். தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கிப் போகப் போக நெருங்கும். இந்த இரண்டு ஊருக்கும் நடுவில், 17 டிகிரி வடக்கில், ஒரு டிகிரி சுமார் 106 கி.மீ.தான். ஆக 2,279 கி.மீ.

இனி பள்ளியில் படித்த பிதாகரஸ் தேற்றம். இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் சுமார் 2,945 கி.மீ. உருண்டையான பூமிக்குரிய முழுச் சூத்திரத்தைப் போட்டாலும் விடை ஏறக்குறைய இதுவேதான். ஒரு நோட்டுத் தாளில் இது கிடைக்கும்போது வரும் சந்தோஷமே தனி! ஆனால் அமெரிக்கா மாதிரி தொலைதூர ஊர்களுக்கு இந்தக் குறுக்குவழி சரிவராது. அதற்கு மேப்பிலேயே தூரம் அளக்கும் வசதி இருக்கிறது.

படி 2: பறக்கும் நேரம்

விமானம் மணிக்குச் சுமார் 800 கி.மீ. போகும் என்று வைத்து, தூரத்தை 800ஆல் வகுத்து, ஏறி இறங்க அரை மணி நேரம் கூட்டுங்கள். 2,945 ÷ 800 என்றால் 3 மணி 40 நிமிடம். கூட்டினால் 4 மணி 10 நிமிடம். காற்றையும் போகிற பாதையையும் பொறுத்து கொஞ்சம் கூடும், குறையும்.

படி 3: கடிகார வித்தியாசம்

டிக்கெட்டில் அந்தந்த ஊர் நேரம்தான் போட்டிருக்கும். துபாய் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால். போகும்போது, வருகை நேரத்தோடு 1.30 கூட்டினால் நம்மூர் நேரம். 7.15 என்பது 8.45 ஆவது அப்படித்தான்.

திரும்பி வரும்போது தேதியையும் கவனியுங்கள். துபாயில் ஞாயிறு இரவு 10 மணிக்குப் புறப்பட்டால், 4 மணி நேரப் பயணம், அப்புறம் அந்த ஒன்றரை: திருவனந்தபுரத்தில் திங்கள் அதிகாலை 3.30. நாகர்கோவிலிலிருந்து கார் போக இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். இறங்கியவர் பெட்டி எடுத்து வெளியே வரவும் நேரமாகும் என்பதால் 2 மணிக்குக் கிளம்பினால் போதும். டிரைவரிடம் சொல்லும்போது மட்டும் “ஞாயிறு ராத்திரி” என்று சொல்லாமல் “திங்கள் விடியக்காலம்” என்று தேதியோடு சொல்லிவிடுங்கள்.