காதல் நாவலைப் படித்தபின் மனப்பதிவு எழுதுவது எப்படி?

அட்டனிலோ பண்டாரவளையிலோ கடைத்தெருவில் வாங்கிய மாத நாவலாக இருந்தாலும், கைப்பேசியில் அத்தியாயம் அத்தியாயமாக வெளிவரும் தொடராக இருந்தாலும், காதல் கதையைப் பற்றி எழுத உட்காரும் பலரும் முதலில் கதையைச் சுருக்கத் தொடங்கிவிடுகிறார்கள். அதை மூன்று வாக்கியங்களில் முடித்துவிடுங்கள். இவ்வகை நாவலில் இருவரும் இறுதியில் சேர்ந்துவிடுவார்கள் என்பது அட்டைப்படத்தைப் பார்த்த வாசகருக்கே தெரியும். ஆகவே, போகும் வழியில் எந்த இடம் உங்களை நம்பவைத்தது, எந்த இடம் நம்பிக்கையைக் கெடுத்தது என்பதைத்தான் அவர் உங்களிடமிருந்து அறிய விரும்புவார்.

இதற்குப் படிக்கும்போதே குறிப்பெடுக்க வேண்டும். பக்க எண்ணும் பக்கத்தில் ஒரு சொல்லும் போதும்: கோபம், சிரிப்பு, தாண்டிவிட்டேன். கடைசிச் சொல்லை எழுத வெட்கப்பட வேண்டியதில்லை. நாயகனின் உயரத்தையும் காரையும் வருணிக்கும் பக்கங்களைத் தாண்டினீர்களா, இல்லை, இருவரும் மனம்விட்டுப் பேசும் பக்கங்களையே தாண்டினீர்களா என்பதில் நாவலைப் பற்றிய பாதித் தீர்ப்பு இருக்கிறது.

அடுத்து, காதலர்களைப் பிரித்து வைக்கும் தடையைச் சோதியுங்கள். சாதி, பணம், குடும்பப் பகை போன்றவை வெளியிலிருந்து வருபவை. அச்சம், தன்மானம், பழைய காயம் போன்றவை உள்ளிருந்து வருபவை. நம் நாவல்களில் மிகுதியாக வருவது மூன்றாவது வகை: யாரோ பாதி கேட்ட பேச்சால் உண்டாகும் தவறான புரிதல். ஐந்து நிமிடத் தொலைபேசி அழைப்பில் தீர்ந்துவிடக்கூடிய அந்தச் சிக்கல் இருபது அத்தியாயங்களுக்கு நீளுமானால், அவர்களைப் பேசவிடாமல் தடுத்தது எது என்று கேளுங்கள். அவர்களுடைய சுபாவம் தடுத்திருந்தால் கதை நிற்கும். தொடரை நீட்ட வேண்டிய தேவை தடுத்திருந்தால் அதை மறைக்காமல் எழுதுங்கள்.

‘ஆன்டி ஹீரோ’ கதைகளுக்குக் கூடுதல் கவனம் தேவை. கட்டாயத் தாலி, மிரட்டல், கண்காணிப்பு ஆகியவற்றையெல்லாம் அன்பின் மிகுதியாகக் காட்டும் நாவலை விரும்பிப் படித்திருக்கலாம். படிப்பதும் அதில் வருவதை ஏற்பதும் வெவ்வேறு என்பதால் இரண்டையும் தனித்தனியே சொல்லுங்கள். பின்னர் ஒரே ஒரு காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள்: அவள் அவனை மன்னிக்கும் காட்சி. அதற்கு முன் அவன் என்ன செய்தான், எதை விட்டுக்கொடுத்தான், ‘வேண்டாம்’ என்று சொல்லும் வழி அவளுக்குத் திறந்திருந்ததா? ‘அவனுக்கும் ஒரு கடந்தகாலம் உண்டு’ என்பதைத் தவிர வேறு விடை கிடைக்கவில்லையானால், ஒழுக்கப் பாடம் நடத்தாமலே உங்கள் மனக்குறையை வாசகருக்குப் புரியவைக்க அது போதும்.

இலங்கையின் தேயிலைத் தோட்டப் பகுதியான மலையகத்தைச் சேர்ந்த வாசகர் தயங்காமல் எழுத வேண்டிய பகுதி ஒன்று உண்டு. தேனிலவுக்கு ஊட்டிக்கோ மூணாறுக்கோ நுவரெலியாவுக்கோ போகும் காதலர்கள், பனி படர்ந்த தேயிலைச் சரிவில் கைகோத்து நடப்பார்கள். அந்தச் சரிவில் ஒருவர்கூடக் கொழுந்து பறித்துக்கொண்டிருக்க மாட்டார். பட்டுச்சேலை கட்டிய நாயகி செடிகளுக்கு நடுவே ஓடுவாள். கவ்வாத்து வெட்டிய, அதாவது கத்தரித்துவிட்ட, கிளைகள் கிழிக்காமல் இருக்க இடுப்பில் படங்கு என்னும் முரட்டுத் துணியைக் கட்டிக்கொண்டு மலைக்குப் போகும் தாயின் மகளுக்கு அந்தக் காட்சி வேறாகத்தான் தெரியும். மழைக்கால அட்டைகளை எழுத்தாளர் மறந்துவிட்டதை மன்னித்துவிடலாம், ஆளையே மறந்துவிட்டதை மன்னிப்பது கடினம். 1867ஆம் ஆண்டு இலங்கையின் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் வர்த்தக அடிப்படையில் தேயிலை பயிரிடத் தொடங்கிய காலந்தொட்டு, தோட்டத்தை நடத்தும் துரையின் பங்களா எழுந்த தோட்டங்களில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களும் எழுந்தன. நாயகனின் பாரம்பரிய பங்களாவை நாவல் பக்கம்பக்கமாக வருணித்தால், அந்தச் செல்வம் யாருடைய உழைப்பில் வந்தது என்று அது ஒரு வரியாவது கேட்கிறதா எனப் பாருங்கள். இதனால் நாவலே கெட்டது என்று முடிவுகட்டிவிடக் கூடாது. உரையாடல் உயிரோடு இருந்தால் அதையும் மேற்கோள் காட்டிப் பாராட்ட வேண்டும். ஆனால் சென்னையிலிருந்து படிக்கும் வாசகர் எழுத முடியாத பத்தி இதுவே. இதை விட்டுவிட்டு ‘அருமையான குளுகுளு காதல் கதை’ என்று எழுதுவது எனக்கு ஒப்பவில்லை.

நடையைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். ‘நன்றாக இருந்தது’ என்பதற்குப் பதிலாக நன்றாக இருந்த இரண்டு வரிகளை எடுத்துத் தாருங்கள். முடிவை வெளியிடுவதானால் முன்கூட்டியே எச்சரியுங்கள்.

தொடராக வரும் கதை என்றால் மேலும் ஒரு பொறுப்பு சேர்கிறது. எழுத்தாளர் அடுத்த அத்தியாயத்தை இன்னும் எழுதிக்கொண்டிருக்கலாம், உங்கள் கருத்தையும் படிக்கலாம். ஆகவே எந்த அத்தியாயம் வரை படித்தீர்கள் என்பதைத் தொடக்கத்திலேயே குறிப்பிடுங்கள். குறையைப் பாத்திரத்தின் மீது வையுங்கள், எழுதியவரின் வாழ்க்கையின் மீது வைக்காதீர்கள். அவர் கேட்டால் காட்டுவதற்குப் பக்கக் குறிப்புகளைக் கையில் வைத்திருங்கள்.