கிணற்றுத் தண்ணீரில் வாடை: நான் சரிசெய்த விதம்

மழை பெய்த மறுநாளெல்லாம் கிணற்றுத் தண்ணீரில் லேசான வாடை. காய்ச்சிக் குடித்தே ஒரு வருடம் ஓட்டினோம். அது தப்பு, கழிவு, உரத்திலிருந்து நீரில் கலக்கும் நைட்ரேட் என்ற உப்பு இருந்தால், கொதித்தாலும் போகாது.

தண்ணீர்ச் சோதனையில் ஈ.கோலை வந்தது; மலக்கழிவு கலந்திருப்பதைக் காட்டும் பாக்டீரியா அது. 100 மில்லி குடிநீரில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. டேப் பிடித்து அளந்தேன். உறிஞ்சுகுழிக்கும் (செப்டிக் டேங்க் கழிவுநீர் மண்ணில் இறங்கும் குழி) கிணற்றுக்கும் இடையே 9 மீட்டர்தான். எங்கள் உள்ளாட்சி விதிப்படி 15 வேண்டும். குழி இருந்ததோ மேட்டில்! அனுமதி வாங்கி, கிணற்றுக்குக் கீழ்ச்சரிவில் தள்ளிப் புதுக்குழி எடுத்தோம்.

கிணற்றின் மேல் உறையில் விரல் நுழையும் விரிசல். சிமென்ட் பூசி அடைத்தேன். பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றி, ஒருநாள் விட்டு, குளோரின் வாடை போகும்வரை இறைத்தோம். அந்தத் தண்ணீரைச் செப்டிக் டேங்கில் விடாதீர்கள், கழிவை மட்கவைக்கும் பாக்டீரியா செத்துவிடும். அடுத்த மழைக்குப் பிறகு மறுசோதனை: ஈ.கோலை இல்லை.