டிரெய்னரில் கியர் கரகரக்கிறதா? அந்த இரண்டு திருகுகளைத் தொடாதீர்கள்

ஐப்பசியில் ஏற்காட்டு மலை மேல் மேகம் இறங்கிவிட்டால் என் சைக்கிள் மாடி அறைக்குப் போய்விடும். 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் சேறும் சருகும் கிடக்கும், சில நாள் மண் சரிந்து பாதையே அடைபடும். அம்மாப்பேட்டை வீட்டில் ஸ்மார்ட் டிரெய்னர் (சைக்கிளை நிறுத்திவைத்து வீட்டுக்குள்ளேயே மிதிக்க உதவும் கருவி) வைத்து ஓட்டுவது எனக்கு இது நான்காவது மழைக்காலம். பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு சைக்கிளை நேராக மாட்டும் வகை அது. கேசட், அதாவது பின்பக்கப் பற்சக்கர அடுக்கு, டிரெய்னரிலேயே இருக்கும். அந்த அடுக்கில் உள்ள ஒவ்வொரு சக்கரத்தையும்தான் இங்கே ‘பல்’ என்கிறேன். கியர் தகராறு வருவது இந்த வகையில்தான்.

முதல் வருடம் மாட்டியபோது மிகப் பெரிய பல் பிடிக்கவில்லை. பின் டீரெய்லரில் (செயினை ஒரு பல்லிலிருந்து இன்னொரு பல்லுக்கு நகர்த்தும் பாகம்) ‘எல்’ என்று குறித்திருக்கும் சின்னத் திருகைத் தளர்த்தினேன், பிடித்துக்கொண்டது. தை மாதம் சக்கரத்தை மாட்டி ஏற்காடு ஏறினேன். ஏழாவது வளைவில் பெரிய பல்லுக்கு மாற்றியதும் செயின் பல்லைத் தாண்டி போக்ஸ் கம்பிகளுக்குள் விழுந்தது. மூன்று கம்பிகள் போயின. ஏற்றத்தில் மெதுவாகப் போனதால் கீழே விழாமல் தப்பித்தேன். ‘எச்’, ‘எல்’ திருகுகள் டீரெய்லர் எந்த எல்லை வரை போகலாம் என்பதை மட்டுமே தீர்மானிக்கின்றன. சக்கரத்துக்குச் சரியாக வைத்திருந்த எல்லையை நான் டிரெய்னருக்காகக் கலைத்திருக்கக் கூடாது.

உண்மையான காரணம் வேறு. டிரெய்னரின் கேசட் உட்காரும் இடமும் உங்கள் சக்கரத்தின் கேசட் உட்காரும் இடமும் அச்சு அசலாக ஒன்றாக இருக்காது. அரை மில்லிமீட்டர், ஒரு மில்லிமீட்டர் தள்ளி இருக்கும். 11 வேக கேசட்டில் (11 பல் உள்ளது) ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் 4 மில்லிமீட்டர் தூரம்கூட இல்லை. அதில் அரை மில்லிமீட்டர் என்பது பெரிய விஷயம்.

முதலில் கேசட். சைக்கிளில் எத்தனை வேகமோ டிரெய்னரிலும் அத்தனையே வேண்டும். 11 வேக ஷிமானோ ஃப்ரீஹப்பில் (கேசட் உட்காரும் பகுதி) 8, 9, 10 வேக கேசட்டைப் போட்டால் அதற்குப் பின்னால் 1.85 மில்லிமீட்டர் ஸ்பேசர் வளையம் ஒன்று போக வேண்டும். அதை விட்டுவிட்டால் லாக்ரிங்கை (கேசட்டைப் பூட்டும் வளையம்) எவ்வளவு இறுக்கினாலும் கேசட் ஆடும். இறுக்கும் அளவு 40 நியூட்டன் மீட்டர். செயின் பழையதாகவும் டிரெய்னர் கேசட் புத்தம் புதியதாகவும் இருந்தால் அழுத்தி மிதிக்கும்போது செயின் நழுவும். அதை கியர் கோளாறு என்று நினைத்துத் திருகத் தொடங்காதீர்கள்.

சைக்கிளை மாட்டி அச்சை நன்றாக இறுக்குங்கள். ஃபிரேம் ஒரு பக்கம் சாய்ந்து உட்கார்ந்தாலும் இதே கரகரப்பு வரும்.

இனி நீங்கள் தொட வேண்டியது ஒன்றே ஒன்று: கேபிள் டீரெய்லருக்குள் நுழையும் இடத்தில் கையால் திருகக்கூடிய உருளை, பேரல் அட்ஜஸ்டர். செயினை மிகச் சிறிய பல்லுக்குக் கொண்டுவாருங்கள். பெடலைச் சுற்றிக்கொண்டே, கியர் மாற்றும் ஷிஃப்டரில் ஒரே ஒரு கிளிக். செயின் அடுத்த பல்லுக்கு ஏறத் தயங்கினால் கேபிள் தளர்வு. சைக்கிளுக்குப் பின்னால் நின்று பார்த்து, உருளையை இடஞ்சுழியாகக் கால் சுற்று திருப்புங்கள். ஏறிய பிறகு அதற்கும் அடுத்த பல்லை உரசினாலோ, இறங்கும்போது தயங்கினாலோ வலஞ்சுழியாகக் கால் சுற்று. ஒவ்வொரு கால் சுற்றுக்கும் நின்று கேளுங்கள். தறி ஓடும் வீட்டில் வளர்ந்தவள் நான். சத்தம் மாறியதும் கை தானாக நின்றுவிடும். அந்தப் பழக்கம் இங்கே கண்ணைவிட அதிகம் உதவுகிறது.

எத்தனை கால் சுற்று, எந்தப் பக்கம் என்று எழுதி ஃபிரேமில் ஒட்டிவையுங்கள். என் சைக்கிளுக்கு ‘இடம் 3’. சக்கரத்தை மாட்டும் நாளில் வலம் 3 திருப்பினால் பழைய நிலைக்கு வந்துவிடும்.

வாரம் இரண்டு முறை கழற்றி மாட்டுபவர்களுக்கு இதுவும் அலுத்துப்போகும். அவர்கள் கேசட்டுக்குப் பின்னால் மெல்லிய ஷிம் வளையம் போடலாம். டிரெய்னரில் இடஞ்சுழியாகத் திருப்ப வேண்டி வந்தால் டிரெய்னர் கேசட் உள்தள்ளி இருக்கிறது என்று பொருள், ஷிம் அதற்கு. வலஞ்சுழி என்றால் சக்கரத்தின் கேசட்டுக்கு. அரை மில்லிமீட்டரில் தொடங்குங்கள். லாக்ரிங் மரையில் போதுமான சுற்று ஏறாவிட்டால் ஷிம்மை எடுத்துவிடுங்கள்.

சரி, ஓட்டும்போது எந்த கியர்? எர்க் முறையில் எதிர்ப்பை டிரெய்னரே பார்த்துக்கொள்ளும். 150 வாட் என்று வைத்தால் எந்தப் பல்லில் மிதித்தாலும் 150தான். அதனால் கியரை மாற்றிக்கொண்டே இருக்கத் தேவையில்லை. செயின் நேராக ஓடும் நடுப்பல்லில் விட்டுவிடுங்கள். வாரத்துக்கு ஒரு பல் மாற்றினால் ஒரே பல் தேயாது. முன்பக்கம் பெடலோடு சுற்றும் பெரிய பல்வளையம் போட்டால் உள்ளிருக்கும் எடைச்சக்கரம் வேகமாகச் சுற்றி, ஓமலூர் சாலைச் சமவெளியில் ஓட்டுவது போலிருக்கும். சின்ன வளையத்தில் அது மெதுவாகச் சுற்றும், கால் ஒவ்வொரு மிதிக்கும் உழைக்கும். ஏற்காடு ஏறுவதற்காகப் பயிற்சி செய்பவர்களுக்குச் சின்ன வளையத்தைத்தான் சொல்வேன்.

ஸ்விஃப்ட் (Zwift) மாதிரிச் செயலிகளில் ஏற்ற இறக்கத்தோடு ஓட்டினால் சாலையில் போலவே கியர் மாற்ற வேண்டும். அதில் டிரெய்னர் டிஃபிகல்ட்டி முதலில் 50 சதவீதத்தில் இருக்கும். திரையில் 8 சதவீத ஏற்றம் என்றால் காலுக்குத் தெரிவது 4. நான் அதை 100க்கு ஏற்றிவைத்திருக்கிறேன். மலையில் என்ன கியர் வேண்டியிருக்குமோ அதையே வீட்டிலும் தேட வேண்டியிருக்கும்.

மழை விட்டு சக்கரத்தைத் திரும்ப மாட்டியதும், கிளம்புமுன் பின்பக்கத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பெடலைக் கையால் சுற்றி, மிகப் பெரிய பல் வரை ஏற்றிப் பாருங்கள். செயின் அங்கே நிற்க வேண்டும், ஷிஃப்டரை இன்னும் அழுத்தினாலும் போக்ஸ் பக்கம் நகரக் கூடாது. நான் இதை வீட்டு வாசலில் ஒரு முறையும், அடிவாரத்தில் முதல் வளைவுக்கு முன்னால் இன்னொரு முறையும் செய்கிறேன்.